பயறு வண்டு வளர்த்தவர்

இரங்கல் கூட்டத்தில் துறைத்தலைவர் பேசியதில் இரண்டு விஷயம் உண்மை. அப்பா இறந்துவிட்டார் என்பது ஒன்று. அவர் மேல் ஒரு காலத்தில் தைல வாசனை அடித்தது என்பது இன்னொன்று. மிச்சமெல்லாம் மைக் கையில் இருக்கிற தைரியத்தில் வந்தது.

“தாவரச் சாறுகளால் மனிதனின் உணவைக் காக்கும் பணியில் தன்னையே கரைத்துக்கொண்டவர் நம் தைலம் அண்ணன்” என்று அவர் சொன்னபோது முன்வரிசையில் நாலைந்து பேர் கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் கையைத் தூக்கி, அப்படியே மூக்கைச் சொறிந்துகொண்டார்கள். அம்மா என் பக்கம் சாய்ந்தாள்.

“யாரைடி சொல்றாரு?”

“அப்பாவைத்தாம்மா.”

“உங்கப்பாவா? தாவரச் சாறா?” அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். “நல்லா இருக்கு கதை.”

அப்பா எதிலும் கரைகிற ஆள் இல்லை. தாவரச் சாறு என்றாலே அவருக்குக் கசக்கும். அவர் வேலையே அதற்கு எதிர்ப்பக்கம். சேமித்து வைத்த பயறையும் கடலையையும் துளைத்து மாவாக்கும் ஒரு சின்னப் பழுப்பு வண்டு இருக்கிறது. அந்தப் பயறு வண்டை, கல்லூரியின் பூச்சியியல் துறைக்காக, தலைமுறை அற்றுப்போகாமல் வளர்ப்பதுதான் அப்பாவின் உத்தியோகம். அவர் வளர்த்துக் கொடுப்பார். ஆராய்ச்சி மாணவர்கள் ஏதோ ஒரு இலையைப் பறித்து நிழலில் உலர்த்துவார்கள், இடிப்பார்கள், ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டுவார்கள், அந்தச் சாற்றைப் பயறின் மேல் பூசி அப்பா கொடுத்த வண்டுகளை அதில் விடுவார்கள். வண்டு செத்தால் முனைவர் பட்டம்.

“நான் பெத்து வளர்க்கறேன். அவனுங்க கொன்னுட்டுப் பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கறானுங்க” என்பார் அப்பா. சாப்பிடும்போது சொல்வார், தலை துவட்டும்போது சொல்வார். சொல்லிவிட்டு எங்களைப் பார்ப்பார். அம்மாவும் நானும் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பதுபோல் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் இன்னொரு தடவை சொல்வார்.

வளர்ப்பறை என்று பெரிதாகச் சொல்லுவார்களே தவிர, அது மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஒரு பொந்து. சூட்டுக்கு எந்நேரமும் எரியும் ஒரு பல்பு, ஈரத்துக்கு ஒரு தட்டில் தண்ணீர், சுவர் நெடுக அலமாரி, அலமாரி நிறையக் கண்ணாடி ஜாடிகள். ஜாடி வாயில் மெல்லிய துணி, அதைச் சுற்றி ரப்பர் பேண்ட். கதவைத் திறந்து வைத்தால் சூடு போய்விடும் என்று அப்பா அதை மூடியே வைத்திருப்பார். வண்டு துளைத்த பயற்று மாவு அங்கே காற்றோடு காற்றாக மிதந்துகொண்டிருக்கும். வருடக்கணக்கில் அதைச் சுவாசித்ததில் அவர் மூக்கு அடைத்தே போய்விட்டது. பால் தீய்ந்து வீடே புகைந்தாலும் அவருக்குத் தெரியாது. கண் எரிந்தால்தான் எழுந்து வருவார். ஆனால் ஒரு பயறைக் கையில் எடுத்தால், அதன் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளைப் புள்ளி முட்டையா தூசியா என்று சொல்லிவிடுவார். இதைப் பெரிய வித்தை என்று அவர் நம்பினார். நல்ல கண்ணாடி போட்ட யாரும் செய்யக்கூடிய வித்தை அது.

அவர் வேலை தற்காலிக வேலை. வருடா வருடம் நீட்டித்துக்கொண்டே போனார்கள். இன்றைய துறைத்தலைவர் அன்று வெறும் பேராசிரியர், தலைவர் நாற்காலி பிறகுதான் வந்தது. “வண்டு இருக்கற வரைக்கும் நீ இருப்பே” என்று அவர் ஒருநாள் போகிற போக்கில் சொல்லி வைத்தார். அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். வண்டு அற்றுப்போனால் அப்பாவுக்கு அங்கே என்ன வேலை? நான் கல்லூரியில் சேர்ந்திருந்த சமயம். வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான். ஆக, எங்கள் சோறு அந்த வண்டுகள் முட்டை வைப்பதில் இருந்தது.

காலையில் வேலைக்குப் போனதும் அப்பா தன் சட்டையைக் கழற்றி, அலமாரிக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டு, துறை கொடுத்த கோட்டைப் போட்டுக்கொள்வார். சட்டை நாள் முழுக்க அந்தப் பொந்துக்குள் தொங்கும். சாயங்காலம் அதை மாட்டிக்கொண்டு வருவார். பையில் ஒன்று, காலர் மடிப்பில் ஒன்று என்று வண்டுகளும் கூடவே வரும். கல்லூரியில் இருப்பதைவிட எங்கள் வீட்டுப் பயறு டப்பாவில் அதிகம் இருந்தது என்று சொன்னால் மிகை இல்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டு அத்தை கிண்ணத்தோடு வந்து கொஞ்சம் பயறு கேட்டாள். அம்மா டப்பாவைத் திறந்தாள். உள்ளே இருந்து புறப்பட்டதில் ஒன்று நேராக அத்தையின் மூக்கில் போய் உட்கார்ந்தது.

“அடடா, உங்க வீட்டுப் பயறு தானாவே நடந்து எங்க வீட்டுக்கு வந்துடும்போல இருக்கே. இது தெரியாம நான் வேற கிண்ணத்தைத் தூக்கிட்டு வந்தேன் பாருங்க!”

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. வண்டுதான் ஆடியது. அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

“வர்றவங்க போறவங்க முன்னாடி என் மானம் போகுது. உங்க வண்டை அங்கயே விட்டுட்டு வரக்கூடாதா?”

“அது கடிக்குதா, கொட்டுதா? பெரிய வண்டு ஒரு வாய் தின்னாது, தெரியுமா? நாலு நாள் உசுரோட இருக்கும், முட்டை வைக்கும், பேசாம செத்துப்போகும். இந்த வீட்டுல சோறு கேக்காத ஒரே ஜீவன் அதுதான்.”

“அது கேக்கல. அதோட புள்ளைங்க டப்பாவைக் காலி பண்ணுதே, அதுக்கு யாரு பதில் சொல்றது? அதுங்களுக்கும் நீங்கதான் அப்பனா?”

“வளர்த்தவன் அப்பன் மாதிரிதான்” என்று அப்பா பெருமையாகச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அம்மா டப்பாவில் வேப்பிலை போட்டுப் பார்த்தாள், காய்ந்த மிளகாய் போட்டுப் பார்த்தாள், வெயிலில் கொட்டிக் காயவைத்தாள். சுத்தமான டப்பாவில் மறுபடியும் வண்டு. கடைசியில் அவளுக்கு ஒன்று புரிந்தது. வண்டு கடையிலிருந்து வரவில்லை, கட்டினவரிடமிருந்து வருகிறது. அதனால் டப்பாவை விட்டுவிட்டு ஆளுக்கு வைத்தியம் செய்ய ஆரம்பித்தாள். அப்பாவின் சட்டைகளை அலசும் கடைசித் தண்ணீரில் யூகலிப்டஸ் தைலம் ஊற்றினாள். சொட்டுச் சொட்டாக ஊற்றுகிற பெண் இல்லை அவள். ஊற்றினால் ஊற்றினதுதான். காய்ந்து மடித்த சட்டையை எடுத்தால் எனக்குக் கண்ணில் நீர் வரும். அப்பாவிடம் அவள் சொல்லவில்லை. அவர் மூக்கும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் எங்கள் வீடு துப்புரவாகிவிட்டது. பக்கத்து வீட்டு அத்தை மூக்கைப் பொத்தாமல் வந்து போனாள்.

துறையில் அப்பாவுக்குப் புதுப்பெயர் வந்தது.

“என்ன தைலம், இன்னும் சளி விடலையா?” என்பாராம் பேராசிரியர். “தைலம் வருது, வழிவிடுங்கப்பா” என்பார்களாம் மாணவர்கள். சளி பிடித்த ஆள், மார்பில் தைலம் தடவிக்கொண்டு வருகிறார் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். தன் அடைத்த மூக்கைக் கிண்டல் செய்கிறார்கள் என்று அப்பா நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து எரிந்து விழுந்தார். “அடுத்தவன் மூக்கைப் பத்திப் பேசற நேரத்துல அவனவன் ஜாடியைக் கழுவி வெச்சா என்னவாம்?”

அந்தச் சமயத்தில்தான் வண்டுகள் முட்டை வைப்பதை நிறுத்தின.

முதலில் சில ஜாடிகளில். பிறகு அலமாரி முழுக்க. புதுப்பயறு போட்டு வைத்தால் அது புதுப்பயறாகவே இருந்தது. வண்டுகள் ஜாடியின் அடியில் மல்லாந்து கிடந்தன. அப்பா பயறை மாற்றினார், பல்பை மாற்றினார், ஜாடிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்தார். மாணவர்கள் யாரோ சாற்றைக் கையில் பூசிக்கொண்டு உள்ளே வருகிறார்கள் என்று சண்டை போட்டார். பேராசிரியரின் கண் பட்டுவிட்டது என்றுகூடச் சொன்னார். தன்னைத் தவிர எல்லோரையும் சந்தேகப்பட்டார்.

பேராசிரியரின் செல்லப்பிள்ளையான ஒரு மாணவர் அப்போது உண்ணிச்செடி இலையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எல்லோரும் அவரைச் சின்ன சார் என்றுதான் கூப்பிடுவார்கள். சாறு பூசிய பயறு சில ஜாடிகளில், பூசாத பயறு சில ஜாடிகளில். இரண்டையும் வளர்ப்பறையிலேயே வைத்திருந்தார். பூசியதில் வண்டு செத்தது. பூசாததிலும் செத்தது. இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன கேட்பான்? இரண்டிலும் சாகிறது என்றால் சாவுக்குக் காரணம் சாறு இல்லையே, வேறு ஏதோ இந்த அறையில் இருக்கிறதே என்றுதான் கேட்பான். பேராசிரியர் சாதாரண மனிதர் இல்லை. “தைலம் சரியா பாத்துக்கறதில்ல, அதான் பூசாததும் போகுது” என்று சொல்லி, பூசாத ஜாடிகளை மட்டும் எடுத்துக்கொண்டுபோய்த் தன் அறையில் ஜன்னலோரமாக வைத்துக்கொண்டார். சின்ன சாரும் பூசாத பயறில் வேறு வண்டு விட்டு அங்கே புதிதாக ஆரம்பித்தார்; பூசிய ஜாடிகள் வளர்ப்பறையிலேயே இருந்தன. ஜன்னலோரத்தில் வண்டுகள் ஜாம் ஜாமென்று முட்டை வைத்தன. வளர்ப்பறையில் சாறு பூசிய ஜாடிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உண்ணிச்செடிக்கு மாபெரும் வெற்றி.

அந்த வெற்றியே அப்பாவுக்கு வினையாகிவிட்டது. பேராசிரியர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஜன்னலைக் காட்டினார்.

“பாரு. என் ரூம்ல இருக்கறது நல்லா இருக்கு. உன் ரூம்ல இருக்கறது சாகுது. அப்ப தப்பு வண்டு மேலயா, உன் மேலயா?”

வருட முடிவுக்குள் வளர்ப்பறை பழையபடி ஆகாவிட்டால் நீட்டிப்பு கிடையாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் ஏதாவது கடையில் வேலைக்குச் சேர்ந்துவிடட்டுமா என்று கேட்டேன். “என் வண்டு செத்ததுக்கு உன் படிப்பு ஏன்டி சாகணும்” என்றார். அந்த மனிதர் சொன்ன நல்ல வாக்கியங்கள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று.

நடுவில் சித்திக்கு ஆபரேஷன் என்று அம்மா சித்தி வீட்டுக்குப் போய்த் தங்கினாள். அப்பா தன் சட்டைகளைத் தானே வெறும் சோப்புப் போட்டுக் கும்மி எடுத்தார். மிஞ்சிக் கிடந்த கொஞ்ச வண்டுகளைப் புதுப்பயறில் விட்டார். அடுத்த வாரமே போனில் அம்மாவிடம் கத்தினார். “ஜாடிக்கு ஜாடி முட்டை! பல்பை மாத்தினேன்னு சொன்னேன்ல? அனுபவம் பேசுதுடி, அனுபவம்!” எனக்கும் உயிர் வந்தது. பல்பை அவர் மாற்றி வெகுநாள் ஆகியிருந்தது என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

அம்மா திரும்பி வந்தாள். குவிந்து கிடந்த அழுக்குச் சட்டைகளைத் துவைத்தாள். வண்டுகள் மறுபடியும் மல்லாந்தன.

அன்று அப்பா செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

“நீ இல்லாதப்ப எல்லாம் நல்லா இருந்துச்சு. நீ வந்தே, போச்சு. உன் ராசி அப்படி.”

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். “என் ராசியா?”

“பின்ன? பல்பு அதேதான், பயறு அதேதான், நானும் அதே ஆளுதான். நடுவுல மாறினது நீ ஒருத்திதான்.”

“உங்க ஆபீஸ் வாசப்படியை நான் மிதிச்சிருக்கேனா?”

“ராசிக்கு வாசப்படி எதுக்கு?”

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்க வண்டு குடும்பம் நடத்திக்கிட்டுதானே இருந்துச்சு? அப்பல்லாம் என் ராசி எங்க போயிருந்துச்சு, கடைக்கா?”

அப்பா கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அறிவியல் துறையில் காலம் தள்ளியவர். பூதக்கண்ணாடி, தராசு, வெப்பமானி எல்லாவற்றோடும் புழங்கியவர். எல்லாம் தீர்ந்த பிறகு அவர் கைக்கு அகப்பட்டது பெண்டாட்டியின் ராசி. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அம்மா அழவில்லை. மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

“ஏன்டி, அந்த மனுஷன் சொல்றது கிறுக்குத்தனந்தான். ஆனா நான் வந்ததும் சாகுதே, அது நிஜம்தானே? அப்ப என் கையிலேர்ந்து ஏதோ அங்க போகுது. நான் போகல. சோறு போகுது, மூடின டப்பாவுல. நான் இல்லாதப்பவும் சோறு போச்சு, நீ ஆக்கினே. வேற என்ன போகுது?”

பேசிக்கொண்டே குனிந்தாள். மடியில் இருந்தது அப்பாவின் சட்டை. அதை எடுத்து முகர்ந்தாள். என் மூக்குக்கு நேரே நீட்டினாள். பிறகு அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“என் ராசி ஆணியில தொங்கிக்கிட்டு இருந்திருக்குடி!”

செடியின் வாசனை வண்டை என்ன செய்யும் என்று படித்துப் பட்டம் வாங்கியவர்கள் ஒரு துறை முழுக்க இருந்தார்கள். அத்தனை பேரும் அந்த மனிதரை நாளெல்லாம் தைலம், தைலம் என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்ட அதே வாயால் வண்டு ஏன் சாகிறது என்றும் கேட்டார்கள். மூடிய பொந்து, நாள் முழுக்கச் சூடு, அதற்குள் தைலத்தில் ஊறிய சட்டை, ஜாடி வாயில் ஆவி புகுகிற துணி. இதைவிடப் பெரிதாக எப்படி எழுதிக் காட்டுவது?

அப்பா திரும்பி வந்ததும் அம்மா சொன்னாள். அவர் சட்டையை முகத்தில் வைத்து இழுத்து இழுத்து முகர்ந்தார்.

“எனக்கு ஒண்ணும் வரலையே.”

“உங்களுக்கு எப்ப என்ன வந்துச்சு?”

தைலம் படாத புதுச்சட்டையை அம்மா கொடுத்தாள். வளர்ப்பறையைத் திறந்து போட்டுக் காற்றாட விட்டு, ஜன்னலோர ஜாடிகளிலிருந்து கொஞ்சம் வண்டு வாங்கி வந்து விட்டார் அப்பா. சில நாளில் பயறின் மேல் வெள்ளைப் புள்ளிகள். தூசி இல்லை, முட்டையேதான். வாய் சும்மா இருக்குமா? நேராகப் பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டார். அவர் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தாராம்.

“இதை வேற யார்கிட்ட சொன்னே?”

“வீட்டுல தெரியும் சார்.”

“சின்ன சாருக்கு?”

“இல்ல சார்.”

“நல்லது. அது அப்படியே இருக்கட்டும். உன் பர்மனென்ட் விஷயத்தை நான் பாத்துக்கறேன்.”

உண்ணிச்செடிக்கு வண்டைக் கொல்லும் சக்தி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த அறையில் நடந்ததை வைத்து யாரும் எதையும் சொல்லியிருக்க முடியாது. சின்ன சார் சொன்னார். டாக்டர் ஆனார். பேராசிரியர் தலைவர் ஆனார். அப்பா நிரந்தரம் ஆனார். எல்லோருக்கும் ஏதோ கிடைத்தது. அப்பா வேலை உத்தரவைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டி, “அழிஞ்சுபோன இனத்தை மீட்டுக் குடுத்தவன்னு சும்மாவா குடுத்தாங்க?” என்றார். ராசிப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா உத்தரவைப் பார்த்துவிட்டு, தைல பாட்டிலை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் கையெட்டாத இடத்தில் வைத்துவிட்டாள். வண்டுகள் வீட்டுக்கு வந்தன. நான் வேலைக்குப் போய், திரும்பி, ஓய்வு நாட்களில் அம்மாவோடு உட்கார்ந்து பயறு பொறுக்கிய வருடங்கள் அப்படியே ஓடின. பக்கத்து வீட்டு அத்தை கிண்ணம் எடுத்து வருவதை விட்டுவிட்டாள்.

கடைசி வருடங்களில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சு முழுக்க மாவுத்தூசி என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, சுகமாக இருக்கும், தைலம் போட்டு ஆவி பிடியுங்கள் என்றார். அப்பா மருந்தை விழுங்கினார். ஆவி மட்டும் பிடிக்க மாட்டேன் என்றார்.

“முடியில ஒட்டிக்கும். தோல்ல ஒட்டிக்கும். காலையில உள்ள போனா அதுங்க செத்துடும்.”

“நீங்க செத்தா?” என்றாள் அம்மா.

“நான் பர்மனென்ட்டு” என்றார். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படி ஒரு முட்டாள்தனத்தை நான் எங்கும் பார்த்ததில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். வண்டுக்குக் காட்டுகிற கரிசனத்தில் கால்வாசி வீட்டில் காட்டியிருக்கலாம் என்றும் சொன்னேன். “அதுங்களுக்கு வாயில்லைடி. உங்க ரெண்டு பேருக்கும் இருக்கு” என்றார்.

ஓய்வு பெறும் முன்பே போய்விட்டார்.

கூட்டம் முடிந்ததும் துறைத்தலைவர் எங்களிடம் வந்தார். கடைசியாக மூச்சு முட்டி, கோட்டோடேயே ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அப்பா ஆணியில் விட்டுப்போன சட்டையை ஒரு காகிதப்பையில் போட்டு அம்மாவிடம் கொடுத்தார். “அண்ணன் மேல எப்பவும் ஒரு தைல வாசனை இருக்கும்மா. அதை எங்களால மறக்கவே முடியாது” என்றார். அவர் கண் என் கண்ணைத் தொட்டு, உடனே விலகிப் போயிற்று.

“மறக்காம இருந்தா சரி” என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் அவள் உட்காரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மேல்தட்டில் இருந்த பாட்டிலை எடுத்தாள். வாளியில் தண்ணீர் பிடித்தாள். அப்பாவின் சட்டைகளை, ஆணியில் தொங்கிய அந்தச் சட்டையையும் சேர்த்து, ஒன்றொன்றாகத் துவைத்தாள். பையிலிருந்து ஒரு வண்டு வெளியே வந்து காலர் மேல் ஏறி நின்றது. கடைசி அலசலில் பாட்டிலை முழுசாகக் கவிழ்த்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அது தைலத்தால் என்று வைத்துக்கொள்ளலாம்.

“இனி இந்தச் சட்டையை யாரும்மா போடப்போறாங்க?” என்றேன்.

அம்மா சட்டையை முறுக்கிப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டாள்.

“இப்ப வரட்டும், உங்கப்பாவோட வண்டு” என்றாள்.